கல்லிலே ஏற்றிவைத்த கார்



மனிதருக்கு வயது ஏற ஏறப் பித்தும் ஏறும் என்பது எமது இல்லத்தரசியாரின் நெடுநாளைய கொள்கை. கடந்த பல மாதங்களாக அவர் அக்கொள்கைக்குச் சான்றாக எமது முற்றத்தைச் சுட்டிக்காட்டி வருகின்றார். முற்றத்து மாமரத்தின் கீழே 1954 ஆம் ஆண்டில் பிறந்த மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்கின்றது. கல்லூரியிலே இலக்கியம் கற்பிக்கும் ஒருவருக்குப் பழைய இரும்போடு என்ன உறவு என்று வினவினோர் பலர். அவர்களுக்கு ஒரு சொல்லில் விடையிறுக்க எம்மால் இயலவில்லை. ஆதலால் நடந்ததை நடந்தவாறே இவ்வாரம் கூறிவிடுகின்றோம்.

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்புச் சொல்லும் பொருட்டு வலிகாமத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் தனித்து வாழும் வீடு அது. கால் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன போது, பின்வளவிலே முசுட்டைக் கொடி படர்ந்த மேடு ஒன்று கண்ணிற்பட்டது. உற்றுநோக்கினோம். மேட்டின் நடுவிலிருந்து இரண்டு வட்டக் கண்ணாடிகள் எம்மை உற்றுநோக்கின. கொடியைச் சற்றே விலக்கியதும் காரின் நெற்றி வெளிப்பட்டது. சில்லுகள் நான்கும் இல்லை. ஆயினும் வண்டி நிலத்திலே கிடக்கவில்லை. நன்றாகச் சதுரித்த நான்கு சுண்ணாம்புக் கற்களின் மீது அமர்ந்திருந்தது.

“உது அவற்றை கார், தம்பி. கிடந்தபடி கிடக்கட்டும்” என்றார் ஆச்சி. அன்று அதற்கு மேல் அவர் பேசவில்லை.

யாழ்ப்பாணத்திலே இத்தகைய வண்டிகளைக் காண்பது புதுமையன்று. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்பன ஒரு காலத்திலே எமது ஒழுங்கைகளின் அன்றாடக் காட்சி. இவற்றுள் மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948 ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியிலே அது முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. மாதிரி வண்டி ஒடுங்கியதாகத் தோன்றவே, அதனை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவித்து, நடுவிலே 4 அங்குலம் அகலம் கூட்டுவித்தாராம் இசிகோனிஸ். அக்காரின் பொனற்றின் நடுவே நீளமாக ஓடும் பட்டை அவ்வெட்டின் நினைவாக இன்றும் விளங்குகின்றது. நிறுவனத்தின் அதிபரான நஃபீல்ட் பிரபுவோ, அது அவித்த முட்டை போல இருப்பதாக எள்ளினார். அந்த முட்டைதான் 1961 ஆம் ஆண்டிலே, பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்னும் பெருமையைப் பெற்றது. உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன.

இவ்வண்டிகள் எமது மண்ணிலே நீடுவாழ்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலை, நாம் பள்ளிச் சிறுவராக இருந்தோம். அந்நாட்களிலே புதிய கார்கள் கொட்டில்களுள் உறங்க, பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குக் காட்டி எஞ்சினை எழுப்புவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இதிலே மாயம் எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் கடுமையாக அமுக்கப்பட்டால் உரிய நேரத்துக்கு முன்னரே பற்றிக்கொள்ளும். எஞ்சின் ‘கடகட’வென்று தட்டும். ஐம்பதுகளின் எஞ்சின்களோ உள்ளிழுத்த கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மாத்திரமே அமுக்குவன. ஆகவே அவை அவ்வெண்ணெயைச் சகித்துக்கொண்டன. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளிலே கரி படியும். ஆயினும் நோயாளரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வைத்தியசாலை சென்றது அந்த வெண்புகையின் நடுவேதான்.

ஆச்சியின் வீட்டுக்கு நாம் மும்முறை சென்றோம். மூன்றாம் முறை அவரே கதை கூறினார். கணவர் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். 1995 ஆம் ஆண்டு நடுப்பகுதியிலே மண்ணெண்ணெயும் கைக்கெட்டாத விலைக்கு ஏறியபோது, காரைக் கல்லிலே ஏற்றிவைத்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவ்விருவரும் மழையிலே நடந்து செம்மணி வெளியைக் கடந்தனர். பின்னர் வன்னிக்குச் சென்றனர். 1997 ஆம் ஆண்டிலே கணவர் அங்கேயே நோயுற்றுக் காலமானார். 2002 ஆம் ஆண்டு பாதை திறந்ததும் ஆச்சி தனியே திரும்பினார். சில்லுகளை எவரோ கழற்றிச் சென்றிருந்தனர். கற்கள் மாத்திரம் அசையவில்லை.

“மகன் கனடாவிலையிருந்து ஒவ்வொரு முறையும் சொல்லுறான், பாம்பு அடையுது, இரும்புக்குக் குடுங்கோ எண்டு. இரும்புக்காரனும் வந்து பாத்தவன். அறுத்துத்தான் ஏத்தவேணுமாம்” என்று கூறிச் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “நீங்கள் கொண்டுபோங்கோ தம்பி. காசு வேண்டாம். ஓடினா ஓடட்டும். ஓடாட்டி திருப்பி இந்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேணும். இரும்புக்குக் குடுக்கப்படாது” என்றார்.

நாம் உடன்பட்டோம். உடன்படும்போது அதன் பாரம் எமக்குத் தெரியவில்லை.

இத்தகைய முயற்சியிலே இறங்க எண்ணும் நேயர்களுக்கு முதற்கண் ஒன்று கூறுவோம். கைவைக்கு முன் கடதாசியைப் பாருங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிக்கும் உரியவர் ஒருவர் உளர். ஆச்சியின் பெட்டகத்திலே பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது. சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையிலே, காரைத் திருத்தும் பொருட்டு எம்மிடம் ஒப்படைப்பதாக ஆச்சியிடம் கடிதம் பெற்றோம்; உரிமை மாறவில்லை என்பதையும் அதிலே எழுதுவித்தோம்.

அடுத்ததாக, தக்க துணைவரைத் தேடவேண்டும். எமது அயலிலே எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் இருக்கின்றார். ஊர் முழுவதற்கும் அவர் ‘பாஸ்’. மண்ணெண்ணெய்க் காலத்திலே அவர் கைபடாத கார் எமது பகுதியில் இல்லை. கண் சற்று மங்கிவிட்டது; காது மங்கவில்லை. அவர் வந்து, முதலிலே நீண்ட தடியொன்றால் ஆசனங்களைத் தட்டினார். பாம்பு இருக்கவில்லை, அதன் செட்டை இருந்தது. பின்னர் குனிந்து அடித்தகட்டைக் கையாலே தடவினார். இவ்வகைக் காருக்குத் தனியான சட்டகம் இல்லை. உடலே சட்டகமும் ஆகும். அடித்தகடு உக்கினால் வண்டியே உக்கியதற்குச் சமம். “கல்லில ஏத்தினபடியாத் தப்பினது, மாஸ்ரர். நிலத்தில விட்டிருந்தா மண்ணாப் போயிருக்கும்” என்றார்.

காரைக் கொண்டுவந்த கதையிலே எமது அறியாமை முழுவதும் அடங்கியுள்ளது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் செல்வோம் என்று பாஸ் கூறினார். நாமோ, கயிறு கட்டி இழுத்தாற் செலவு குறையும் என்று வாதிட்டோம். இரவற் சில்லுகளைப் பூட்டி, இறுகிக் கிடந்த பிறேக் பட்டைகளைத் தளர்த்தி, ஸ்ரியரிங்கின் முன்னே நாமே பெருமிதத்தோடு அமர்ந்தோம். உழவு இயந்திரம் முன்னே ஊர்ந்தது. ஊர்ச் சிறுவர்கள் பின்னே ஆரவாரித்தனர். ஒழுங்கை வீதியிலே திரும்பும் முடக்கில் ‘படார்’ என்று ஒரு சத்தம். இடப்புற முன்சில்லு மடங்கி வண்டியின் அடியிலே படுத்துக்கொண்டது. கார் ஒற்றைக் காலிலே மண்டியிட்டது.

மொறிஸ் மைனரை அறிந்தோர் அனைவரும் அறிந்த குறை இது. முன்சில்லைத் தாங்கும் தண்டின் அடிப்பாகம் திருகாணி போலப் புரி வெட்டப்பட்டு, ஓர் உலோகக் கட்டையினுள் திருகி நிற்கின்றது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் ஊட்டவேண்டும். ஊட்டாவிடின் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். முப்பது ஆண்டுகளாகக் கிறீஸ் காணாத புரியை நம்பி நாம் வீதிக்கு வந்தோம். நடை வேகத்திலே வந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை, மானச்சேதம் மாத்திரமே. பாஸ் ஒரு சொல்லும் கூறாது, இரண்டு பனைமரத் தீராந்திகளைக் கொணர்வித்துச் சாய்வாக வைத்து, பத்துப்பேர் தோள்கொடுக்கக் காரைப் பெட்டியிலே ஏற்றினார். செலவு இரட்டிப்பாயிற்று. நெடுநாட் கிடந்த வண்டியை ஒருபோதும் கயிறு கட்டி இழுக்காதீர்கள், ஏற்றியே செல்லுங்கள்.

எமது முற்றத்திலே பாஸ் முதலிற் செய்தது யாதெனில், எஞ்சினைத் தொடாதிருந்தது. உடனே பற்றரியைப் பூட்டிச் சுழற்றிப் பார்க்க எமது கை துடித்தது. சிலிண்டரினுள் துருவிருக்க எஞ்சினைச் சுழற்றினால் வளையங்கள் உடைந்துவிடும் என்று அவர் தடுத்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, மெல்லிய கம்பியிலே பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு வெளியில் எடுத்தார், முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

“மாஸ்ரர், இதுக்குள்ள ஆரோ ஒயில் ஊத்தியிருக்கினம்.”

பின்பு காரின் பின்புறம் சென்று புகைக்குழாயினுள் விரலை விட்டார். துணிச்சுருள் ஒன்று வெளிவந்தது. காபுரேற்றரின் வாயிலும் அவ்வாறே ஒரு சுருள். காற்றும் ஈரமும் புகாதவாறு இருபுறமும் அடைத்து, சிலிண்டர்களிலே எண்ணெய் வார்த்து, பற்றரியைக் கழற்றி, கல்லிலே ஏற்றிச் சென்றிருக்கின்றார் அத்தபாலதிபர். கைவிட்டுச் செல்பவர் இவ்வாறு செய்வதில்லை. திரும்பி வருவேன் என்று எண்ணியவரே இவ்வாறு செய்வார். அத்துணித்துண்டுகளை எறிய மனமின்றி, பாஸ் அவற்றைச் சுவரிலிருந்த ஆணியிலே மாட்டிவைத்தார்.

டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து சிலிண்டர்களில் வார்த்து ஒரு கிழமை காத்திருந்தோம். எட்டாம் நாள், கியரை நாலிலே போட்டு, காரை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். விசிறி ஒரு விரற்கடை நகர்ந்தது. பின்னர் ஒரு சாண். பின்னர் முழுச் சுற்று. பாஸ் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

அதன்பின் மாதங்கள் கழிந்தன. எஞ்சினின் அடித்தட்டிலே பழைய ஒயில் தாராக உறைந்திருந்தது. பெற்றோல் தாங்கியைக் கழற்றி, ஒரு பிடி சரளைக் கல்லும் மண்ணெண்ணெயும் இட்டுக் குலுக்கித் துருவை அகற்றினோம். வயர்களை எலிகள் தின்றிருந்தன. இக்கார்களிலே பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு பூட்டப்படும். இக்கால வழக்கத்துக்கு அது நேர்மாறு. இதனை அறியாது மாற்றிப் பூட்டிப் பொருளிழந்தோர் உளர். பற்றவைக்கும் முனைகளுக்கிடையேயான இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்கவேண்டும். பாஸ் அதனை அளவுத்தகடு இன்றிக் கண்ணாலே வைத்தார். நாம் தகட்டால் அளந்து பார்த்தோம். சரியாகவே இருந்தது.

பிறேக்கின் இறப்பர் பாகங்களும், மடங்கிய சில்லுக்கான கட்டையும் பிரித்தானியாவிலிருந்து உறவினர் ஒருவர் மூலம் வந்தன. இக்காருக்கு வேண்டிய பாகங்கள் அங்கு இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், நன்கு பேணினால் ஒரு கார் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் என்னும் கொள்கையை 1982 ஆம் ஆண்டிலே நூலாக எழுதியவர். 1990களிலே, அவரது முயற்சியால், அக்காருக்குரிய தகட்டுப் பாகங்கள் எமது இலங்கையிலே செய்யப்பட்டு அந்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. பிரித்தானியாவிற் பிறந்த காருக்கு இலங்கைக் கைகள் உடல் செய்து கொடுத்தன என்பது எமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

வேலையின் நடுவே நாம் பொறுமையிழந்து, எஞ்சினை எழுப்பிப் பார்த்துவிட்டுப் பிறேக்கைப் பின்னர் கவனிப்போம் என்று கூறினோம். “நிக்கத் தெரியாதது ஓடக்கூடாது, மாஸ்ரர்” என்று பாஸ் மறுத்துவிட்டார். ஆதலால் பிறேக் முதலிலும் எஞ்சின் பின்னருமாக முடிந்தன.

2025 ஆம் ஆண்டு வைகாசி மாதத்து மாலை ஒன்றிலே திறவுகோலைத் திருப்பினோம். பெற்றோல் இறைக்கும் மின்பம்பி ‘டிக், டிக், டிக்’ என்று முப்பது ஆண்டுகளின் பின் வாய்திறந்தது. சுழற்றினோம். முதன்முறை மௌனம். இரண்டாம் முறை ஓர் இருமல். நான்காம் முறை எஞ்சின் பற்றிக்கொண்டது. வார்த்திருந்த எண்ணெய் முழுவதும் புகையாகி வெளியேறியதில், அயலிலே அன்றிரவு நுளம்பு இருக்கவில்லை. இல்லத்தரசியார் கொடியிலே காய்ந்த துணிகளைப் பற்றிக் கூறியவற்றை இங்கு எழுதவேண்டியதில்லை.

வருமானப் பத்திரமும் காப்புறுதியும் பெற்ற பின், முதற் பயணமாக ஆச்சியின் வீட்டுக்குச் சென்றோம். பாஸ் அருகிலே அமர்ந்திருந்தார். ஆச்சி படலையோரம் நின்றார், கிட்ட வரவில்லை. திரும்பும் பக்கத்தைக் காட்டுவதற்கு இக்காரிலே இரு கதவுகளின் பின்னாலும் சிறு கைகாட்டிகள் உண்டு. பாஸ் விசையைத் தட்டவே, செம்மஞ்சள் நிறக் கை ஒன்று பக்கவாட்டில் எழுந்து நின்றது. ஆச்சி வாயைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

ஒயில் ஊற்றியிருந்த செய்தியைக் கூறி, துணிச்சுருள்களை அவர் கையிலே கொடுத்தோம். விரித்துப் பார்த்தார். “இது என்ரை சீலை. ஒருநாள் பழஞ்சீலைத் துண்டு இருந்தாத் தா எண்டு கேட்டவர். ஏனெண்டு நான் கேக்கேல்லை.” கூறிவிட்டு உள்ளே சென்றார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கையிலே, எஞ்சினை முன்புறமிருந்து சுழற்றும் வளைந்த இரும்பு ஹான்டில் இருந்தது.

“இடம்பெயரேக்கை உடுப்புப் பையுக்குள்ள இதையும் வைச்சவர். நான் ஏசினனான் தம்பி. இந்தப் பாரத்துக்கு ரெண்டு கொத்து அரிசி கொண்டு போயிருக்கலாமெண்டு. கடைசி மட்டும் தலைமாட்டில வைச்சிருந்தவர்.”

காரை முற்றாகத் தேடியும் நாம் காணாத பொருள் அது. அதனை எம் கையில் வைத்துவிட்டுப் பின்னாசனத்திலே ஏறினார். முன்னால் அமருமாறு வேண்டினோம். “அவர் ஓடேக்கை நான் பின்னுக்குத்தான்” என்றார். பழைய தபாற்கந்தோர் வரை சென்று திரும்பினோம். வழியிலே அவர் ஒன்றும் பேசவில்லை.

கதை இங்கு முடிந்திருக்கலாம், முடியவில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய கார்களுக்கும் விலை பெரிதும் ஏறிவிட்டது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, எமது ஆண்டுச் சம்பளத்திலும் மேலான தொகை ஒன்றைக் கூறினார். இரும்புக்கு என்று சொன்ன மகனும், இப்பொழுது விற்றுப் பாதியை நாம் வைத்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியிற் கூறினார். இரும்புக்குக் கொடுப்பதில்லை என்றே நாம் வாக்களித்தோம். விற்பதில்லை என்று வாக்களிக்கவில்லை. மறைப்பானேன், ஓர் இரவு நாமும் கணக்குப் போட்டோம். கூரை மாற்றவேண்டியிருந்தது, மகளின் படிப்புச் செலவும் இருந்தது.

மறுநாள் ஆச்சியிடம் கூறினோம். அவர் கோபிக்கவில்லை. “கேக்கிறவர் ஓடுவாரோ, வைச்சுப் பாப்பாரோ?” என்று மாத்திரம் வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. ஆச்சி உள்ளவரை கார் அவருடையது, அது ஓடும் என்று அன்று மாலையே கொழும்புக்கு எழுதிவிட்டோம். எழுதியதை முதலிற் படித்துச் சரி என்றவர் எமது இல்லத்தரசியாரே.

வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சி பின்னாசனத்திலே அமர்ந்து கோயிலுக்குச் செல்கின்றார். சென்ற வாரம் பற்றரி சோர்ந்துவிட்டது. எமது மாணவர் இருவர் ஹான்டிலைப் போட்டுச் சுழற்ற முன்வந்தனர். பாஸ் அவர்களை நிறுத்தி, பெருவிரலைத் தண்டின் மறுபுறமாகச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் முறியும், ஐந்து விரலையும் ஒரு பக்கமாக வைத்து மேல்நோக்கி இழுக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மூன்றாம் இழுப்பிலே எஞ்சின் எழுந்தது. அவ்விருவரும் இனி அதனை மறவார்.

நேயர்களின் அயல் வளவுகளிலும் கொடி படர்ந்த மேடுகள் இருக்கக்கூடும். இரும்புக்காரரை அழைக்கு முன், அது எவ்வாறு அங்கு வந்து நின்றது என்று வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.